ஜும்ஆ பயான்: காயத்துக்கு முன் கட்டணமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, தாய்மார்களே! திருத்தணிப் பள்ளியில் சென்ற ஜும்ஆவில் பேசியதை இங்கே எழுத்தில் தருகிறேன். மிம்பரில் நேரம் போதாமல் விட்டுப்போன சில மஸ்அலாக்களையும் சேர்த்திருக்கிறேன். இது மருத்துவமனைகளைத் திட்டுவதற்கான பயான் அல்ல. திட்டுவதென்றால் முதலில் என்னைத்தான் திட்ட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் நகரியில் ஒரு நிகாஹ் முடித்து இஷாவுக்குப் பிறகு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். சென்னை-திருப்பதி நெடுஞ்சாலை எப்படிப்பட்டது என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாலையோரம் ஒரு மனிதர் விழுந்து கிடந்தார். இடித்த வண்டி நிற்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். அழுக்கு லுங்கி, மேலே சட்டை இல்லை, வலது காலில் எலும்பு வெளியே தெரிந்தது. ஓர் ஆட்டோக்காரர் எனக்கு முன்பே வண்டியை நிறுத்தி, தன் துண்டால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. நானும் அவரும் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் போட்டு, வழியில் முதலில் கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

உள்ளே இருந்தவர்கள் அடிபட்டவரை ஒருமுறை பார்த்தார்கள். லுங்கியைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். பிறகு மூன்று கேள்விகள் வந்தன. இன்சூரன்ஸ் இருக்கா? அட்டெண்டர் யார்? அட்வான்ஸ் இருபதாயிரம் கட்ட முடியுமா? அந்த மனிதருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். பேசவும் தெம்பில்லை. அட்டை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பார்த்த பார்வையிலேயே, இவரிடம் எதுவும் இருக்காது என்று முடிவாகிவிட்டது.

அப்போது என் ஜிப்பா பையில் பணம் இருந்தது. மத்ரஸா கூரைக்காக வசூலான இருபத்து மூவாயிரம் ரூபாய். பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட ஒரு படிவத்தையும் என் முன் நீட்டினார்கள். நான் போடவில்லை. இது அமானத், இதைத் தொடலாமா என்று ஓர் எண்ணம். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு மொத்த பில்லும் என் தலையில் விழுமோ, போலீஸ் வருமோ என்று இன்னோர் எண்ணம். உண்மையைச் சொன்னால் இரண்டாவது எண்ணம்தான் பெரிதாக இருந்தது, முதலாவதை அதன் மேல் போர்த்திக்கொண்டேன். முத்தவல்லியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் போனை எடுக்கச் சில நிமிடம், நான் விவரம் சொல்லச் சில நிமிடம். அவர் என்னை முழுதாகப் பேசக்கூட விடவில்லை. "ஹஜ்ரத், உயிரை விடவா கூரை பெருசு? கட்டிட்டு அப்புறம் பேசுங்க" என்றார். திரும்பி உள்ளே ஓடினால் அங்கே அவர் இல்லை. ஜி.எச்சுக்குக் கொண்டுபோங்க என்று சொல்லிவிட்டார்களாம். ஆட்டோக்காரர் எனக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். காலில் அதே துண்டு. புதிதாக ஒரு பஞ்சுகூட வைக்கப்படவில்லை.

அந்த மனிதர் உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். அரசு மருத்துவமனையில் உடனே ரத்தத்தை நிறுத்தி, டிரிப் ஏற்றி, 108-இல் சென்னைக்கு அனுப்பினார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே எடுக்கப்பட்டது. முதல் இடத்திலேயே பார்த்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த "சொல்ல முடியாது" என்ற பதிலோடுதான் நான் இன்றுவரை தஹஜ்ஜுதில் நிற்கிறேன்.

சகோதரர்களே, இப்போது மஸ்அலாவுக்கு வருவோம். ஒரு மனிதனை நாம் குத்தவில்லை, இடிக்கவில்லை. அவன் வேறு யாராலோ அடிபட்டு நம் வாசலுக்கு வருகிறான். நம்மிடம் அவனைக் காப்பாற்றும் பொருள் இருக்கிறது. கொடுக்காமல் விடுகிறோம். அவன் இறந்துபோனால் நாம் கொன்றவர்களா?

இந்தக் கேள்வி நம் ஃபுகஹாக்களுக்குப் புதிதல்ல. அவர்கள் காலத்தில் அது தண்ணீரைப் பற்றிய கேள்வியாக இருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு சம்பவத்தை இப்னு குதாமா (ரஹ்) தம் அல்முக்னியில் பதிவு செய்கிறார்கள். ஒருவர் ஒரு கூட்டத்தாரிடம் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர்கள் மறுத்தார்கள். அவர் தாகத்தாலேயே இறந்துபோனார். வழக்கு உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. அந்தக் கூட்டத்தார் மீது அவருடைய தியத்தை, அதாவது உயிருக்கான நஷ்டஈட்டை, உமர் (ரலி) அவர்கள் விதித்தார்கள். யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை. கை கொடுக்காததற்குத்தான் தியத். ஹன்பலி மத்ஹபில் இதை ஆதாரமாக எடுத்திருக்கிறார்கள்.

மாலிகி மத்ஹபில் ஒரு படி மேலே போகிறார்கள். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட முக்தஸர் கலீல் என்ற கிதாபில், உணவையும் தண்ணீரையும் தடுத்தவனைச் சொல்லும் அதே இடத்தில் நூலையும் சொல்கிறார்கள். வயிறு, மார்பு போன்ற இடங்களில் ஆழமாகப் பட்ட காயத்தைத் தைக்கும் நூல். நூல் கையிலிருந்தும் கொடுக்காமல் விட்டு, காயம்பட்டவன் இறந்தால், விட்டவன் பொறுப்பாளி. இது வருவது அறுப்புப் பாடத்தில் என்பது ஒரு வேடிக்கை. சாகப்போகும் ஆட்டை அறுத்து ஹலாலாக்க முடிந்தும் விட்டுவிட்டுப் போனவன் ஆட்டுக்காரனுக்கு நஷ்டஈடு தர வேண்டுமா என்று ஆரம்பித்து, அங்கிருந்து மனித உயிருக்கு வருகிறார்கள். ஆட்டுக்கே பொறுப்பு என்றால் மனிதனுக்கு எப்படி?

நான் ஓதியது ஹனஃபி கிதாபுகள். மறைக்காமல் சொல்ல வேண்டும்: நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இந்த விஷயத்தில் நஷ்டஈட்டைச் சுலபமாக விதிப்பதில்லை. ஒருவனை அடைத்து வைத்து அவன் பசியால் இறந்தால்கூட, கொன்றது பசிதான், அடைத்தவனின் கை அல்ல என்பது அவர்களின் தர்க்கம். அவர்களின் இரு மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) அதை ஏற்காமல் தியத் உண்டு என்றார்கள். ஆக, கருத்து வேறுபாடு இருப்பது காழியின் கோர்ட்டில் பணம் கட்டவைக்கலாமா என்பதில். அல்லாஹ்விடம் பாவமா என்பதில் வேறுபாடு இல்லை. வழியில் தன் தேவைக்கு மேல் தண்ணீர் வைத்திருந்தும் பயணிக்கு மறுத்தவனை, கியாமத் நாளில் அல்லாஹ் ஏறெடுத்தும் பார்க்காத மூவரில் ஒருவனாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்று ஸஹீஹ் புகாரியில் வருகிறது.

"ஹஜ்ரத், தண்ணீர் அல்லாஹ் கொடுத்தது, சும்மா கொடுக்கலாம். மருத்துவமனை அப்படியா?" என்று நம் ஜமாஅத்திலேயே சிறிய நர்ஸிங் ஹோம் வைத்திருக்கும் ஒரு டாக்டர் சகோதரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இன்சூரன்ஸ் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது, வைத்தியம் முடிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், நர்ஸுக்கும் ஆக்சிஜனுக்கும் யார் கொடுப்பது என்றார். "கரண்ட் பில்லை துஆ செய்து கட்ட முடியாது ஹஜ்ரத்" என்றும் சொன்னார். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கும் கிதாபில் பதில் இருக்கிறது.

இமாம் நவவி (ரஹ்) ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தானவர்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றைக்கும் ஓதப்படும் ஷாஃபி ஃபிக்ஹுக்கு அவர்களின் மின்ஹாஜ் ஓர் அடித்தளம். அதில் உயிர் போகும் நிலையில் இருப்பவனுக்கு உணவு கொடுக்கும் சட்டத்தைச் சொல்லும்போது, சும்மா கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. கொடுப்பவனுக்கு விலை உண்டு. அவனிடம் பணம் இப்போது கையில் இருந்தால் இப்போதே வாங்கலாம். இல்லையென்றால் கடனாகக் கொடுக்க வேண்டும். கொடுப்பது கடமை, விலை உரிமை. ஆனால் விலை கைக்கு வரவில்லை என்பதற்காகக் கொடுப்பதை நிறுத்த முடியாது. மாலிகிகளும் அந்த நூலுக்கு விலை உண்டு என்கிறார்கள், அவனிடம் அப்போது இருந்தால்.

நம் மருத்துவமனை வாசலில் என்ன நடக்கிறது? முன்னே வர வேண்டியது பின்னே போய், பின்னே வர வேண்டியது முன்னே வந்துவிடுகிறது. இன்சூரன்ஸ் இருக்கா என்று கேட்பது ஹராம் அல்ல. ரத்தத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பில் போடுங்கள், கடன் சீட்டு எழுதுங்கள், வசூல் செய்யுங்கள். கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி அல்பகரா 280-ஆவது வசனம் சொல்கிறது, அதையும் மனதில் வையுங்கள். ஆனால் முதலில் கையுறையைப் போடுங்கள்.

(அதே மின்ஹாஜில், உணவு வைத்திருப்பவன் கொடுக்க மறுத்தால் உயிர் போகும் நிலையில் இருப்பவன் பலவந்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாரும் மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்கப் போகாதீர்கள். கண்ணாடியை உடைத்தால் ரத்தம் நிற்காது. மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.)

நம் நாட்டுச் சட்டமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி அடிபட்டார். அருகிலிருந்த மருத்துவமனையில் இது போலீஸ் கேஸ் என்று பார்க்க மறுத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் இறந்தார். அந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கடாரா என்பவர் தொடுத்த வழக்கில் 1989-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகு என்றது.

அதற்குப் பிறகும் நின்றதா? 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி மதுராபூர் ரயில் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த காயம். இரவெல்லாம் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அலைக்கழிக்கப்பட்டார். வசதி இல்லை என்றார்கள் ஓரிடத்தில், படுக்கை இல்லை என்றார்கள் இன்னோரிடத்தில். கவனியுங்கள், அவையெல்லாம் அரசு மருத்துவமனைகள். கடைசியில் தனியாரிடம் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-இல் உச்சநீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசர நேரத்தில் அரசு மருத்துவமனை வைத்தியம் தராமல் விட்டால் அது வாழும் உரிமையையே மீறுவது என்றது. ஆகவே தனியார்காரன் பணப்பேய், அரசாங்கம் உத்தமம் என்று நாம் எளிதாக எழுதிவிட்டுப் போக முடியாது. படுக்கை இல்லை என்பதும் ஒரு கதவடைப்புதான்.

என் மனதை அதிகம் பிசைந்தது இன்னொரு வழக்கு. 2001 ஜனவரியில் கொல்கத்தாவில் ஒரு பொறியியல் மாணவர் பஸ் மோதி அடிபட்டார். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தனியார் மருத்துவமனை. தூக்கி வந்தவர்கள் வழிப்போக்கர்கள். வைத்தியத்தைத் தொடங்கியவர்கள் 15,000 ரூபாய் கேட்டார்கள். வழிப்போக்கர்கள் கையிலிருந்த 2,000 ரூபாயையும் அந்த மாணவரின் மோட்டார் சைக்கிளையும் தருவதாகச் சொன்னார்கள். ஏற்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் வைத்தியத்தை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். அந்தப் பிள்ளையிடம் 65,000 ரூபாய்க்கு மெடிக்கிளைம் இன்சூரன்ஸ் இருந்தது! நினைவோடு இருந்தபோது அதைக் காட்டியும் இருக்கிறார். 2005-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் பெற்றோருக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது.

அட்டை இருந்தும் இந்த நிலை. ஏனென்றால் கேட்கப்படுவது உண்மையில் அட்டை அல்ல, நம்பிக்கை. இந்த ஆள் கட்டுவான் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்ற வேண்டும். அந்த நம்பிக்கையை உடை கொடுக்கிறது, மொழி கொடுக்கிறது, கூட வந்தவரின் கார் கொடுக்கிறது. அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டிலும் இதுதான் நடந்தது. சிகாகோவில் குக் கவுண்டி என்ற பொது மருத்துவமனைக்கு மற்ற மருத்துவமனைகளிலிருந்து தள்ளிவிடப்பட்ட 467 நோயாளிகளை அங்கிருந்த மருத்துவர்களே கணக்கெடுத்து 1986-இல் வெளியிட்டார்கள். அனுப்பியவர்கள் சொன்ன காரணம், நூற்றுக்கு 87 பேர் விஷயத்தில், இன்சூரன்ஸ் இல்லை என்பது. அதே ஆண்டில்தான் அவசர நோயாளியைப் பணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

உடையைப் பார்த்து மதிப்பிடும் இந்த வியாதிக்கு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு பணக்காரர் கடந்து போனார். இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இவர் பெண் கேட்டால் கொடுக்கலாம், பரிந்துரைத்தால் ஏற்கலாம், பேசினால் கேட்கலாம் என்றார்கள். பிறகு ஓர் ஏழை முஸ்லிம் கடந்து போனார். இவர் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள், பேசினால் கேட்க மாட்டார்கள் என்றார்கள். முந்தியவரைப் போன்றவர்கள் பூமி நிறைய இருந்தாலும் இந்த ஏழை அவர்களைவிடச் சிறந்தவர் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் திருமணப் பாடத்தில் வருகிறது. மருத்துவமனை ரிசப்ஷனில் வேலை செய்யும் பிள்ளைகள் நம் ஜமாஅத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்காக இதை இரண்டு முறை சொன்னேன்.

சரி, நெடுஞ்சாலையில் கிடந்த அந்த மனிதரிடம் அட்டை இருந்ததா? இருந்தது. அவர் நகரிப் பக்கத்தைச் சேர்ந்தவர், ஆந்திரத்து ஆரோக்கியஸ்ரீ அட்டை வீட்டில் இருந்தது. ஆனால் அது அந்த மாநிலம் ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகளில்தான் செல்லும். நம்முடைய முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அப்படியே. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்பு நம் திருத்தணியே ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த எல்லைக்கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால் இன்றைக்கு என் அட்டையும் அவர் அட்டையும் ஒன்றாக இருந்திருக்கும். காகிதத்தின் மேல் போட்ட கோடு காலில் வழியும் ரத்தத்துக்குத் தெரியுமா?

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தை மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர வைத்தியச் செலவை அரசு ஏற்கும். ஒரு லட்சம் ரூபாய் வரை என்று அது ஆரம்பித்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், விபத்து நம் எல்லைக்குள் நடந்தால் போதும், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. அட்டையும் வேண்டாம். மத்திய அரசும் 2025 மே மாதத்தில் சாலை விபத்துகளுக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்தது. நாங்கள் போன மருத்துவமனை பட்டியலில் இல்லாததாக இருக்கலாம். பட்டியலில் இல்லாவிட்டாலும் ஒரு கட்டுப் போட எந்தப் பட்டியலும் தடுக்கவில்லை.

இடையில் ஒரு வார்த்தை. தனியார் இன்சூரன்ஸில் வட்டியும் நிச்சயமற்ற தன்மையும் கலந்திருப்பதால் நம்மில் பலர் அதை எடுப்பதில்லை. என்னிடமும் இல்லை. ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் "இன்சூரன்ஸ் இல்லாதவர்" என்ற வரிசையில் நம் சமுதாயத்தவர் அதிகம் நிற்பார்கள். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நாம் பிரீமியம் கட்டுவதில்லை. அரசு கட்டுகிறது. அதை அரசு உதவியாகவே நான் பார்க்கிறேன், பெறுவதில் தயக்கம் வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். ஐந்து லட்சம் வரை பாதுகாப்பு இருக்கும்போது, அடிபட்ட பிறகு அட்டைக்கு ஓடுவது வேண்டாம்.

திரும்பவும் என் கதைக்கே வருகிறேன். அன்றைக்கு என்னைத் தடுத்தது "பொறுப்பாளர் யார்" என்ற அந்தப் படிவம். 2017 ஆகஸ்டில் திருநெல்வேலிக்காரரான ஒரு தொழிலாளி கேரளத்தில் கொல்லம் அருகே விபத்தில் அடிபட்டார். ஆம்புலன்ஸில் வைத்து ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கினார்கள். வென்டிலேட்டர் இல்லை என்றும் கூட இருக்க ஆள் இல்லை என்றும் காரணங்கள். சுமார் ஏழு மணி நேரம் அலைந்து மறுநாள் காலை இறந்தார். கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். வேற்று மாநிலத்தில் பிழைக்கப் போன மனிதருக்கு, நான் இருக்கிறேன் என்று சொல்ல அந்த இரவில் ஒருவர் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவர் மேல் கடன் உண்டா என்று கேட்டார்கள். உண்டு, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை என்றார்கள். உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று நபியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போது அபூகதாதா (ரலி) எழுந்து, தொழுகை நடத்துங்கள் யா ரஸூலல்லாஹ், அந்தக் கடன் என் பொறுப்பு என்றார்கள். அதன் பிறகு தொழுதார்கள். கஃபாலத், அதாவது பிணை ஏற்கும் சட்டத்துக்கு இந்த ஹதீஸை உஸ்தாத் நடத்தும்போது இறந்தவருக்காக நின்ற அபூகதாதாவின் தாராளத்தை வியந்து எழுதிக்கொண்டோம். உயிரோடு இருப்பவருக்காகப் பிணை நிற்கும் வாய்ப்பு எனக்கு வந்தது. நான் போன் பேச வெளியே போனேன்.

என் பயத்துக்கும் அடிப்படை இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2016-இல் உச்சநீதிமன்றம் ஏற்ற விதிமுறைப்படி, அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்த வழிப்போக்கரிடம் அட்மிஷனுக்குப் பணம் கேட்கக்கூடாது. அவர் சொந்தக்காரராக இருந்தால் வேறு விஷயம். அவர் விரும்பாவிட்டால் பெயர், விலாசம் சொல்லக் கட்டாயமில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டார்கள். அமானத் பணத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அதைத் தொடாமலே, என் சம்பளம் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆலிமுக்கு வழி தெரியாமல் இல்லை.

மூன்றாம் நாள் சென்னையில் அவரைப் பார்க்கப் போனேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று யார் கையெழுத்துப் போட்டது என்று கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். அந்த ஆட்டோக்காரரின் பெயர். 108-இல் கூடவே ஏறி, விடியும்வரை இருந்திருக்கிறார். வீட்டார் வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டதாம். உறவு என்ற இடத்தில் "நண்பர்" என்று எழுதியிருந்தது.

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவிக்குள்ளேயே காயம்பட்டவர்களுக்கு ஒரு கூடாரம் இருந்தது. அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அங்கேதான் வைக்கப்பட்டார்கள். அஸ்லம் கோத்திரத்து ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி வைத்தியம் பார்த்தார்கள். ஸஅதின் காயம் உடைந்து ரத்தம் பக்கத்துக் கூடாரம்வரை ஓடியது என்று ஹதீஸில் இருக்கிறது. பள்ளிக்குள் ரத்தம் ஓடியது. நம் பள்ளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கார்ப்பெட்டில் விழுந்தால் என்ன சத்தம் போடுகிறோம்!

கூடாரம் போட நமக்கு வசதி இல்லை. ஜமாஅத்தில் பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். ராத்திரி எந்நேரமும் கூப்பிட்டால் வந்து, ஆஸ்பத்திரியில் அடிபட்டவரோடு அட்டெண்டராக நிற்கச் சம்மதித்தவர்களின் பெயரும் நம்பரும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இருக்கும். அடிபட்டவர் எந்த மதம், எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. அட்வான்ஸ் என்று கேட்டுத் தாமதம் வந்தால் கொடுக்க, கூரை நிதியோடு சேராமல் தனியாக முப்பதாயிரம் ரூபாய் முத்தவல்லியிடம் இருக்கும். திரும்ப வசூலாகாவிட்டால் ரமளானில் ஈடுகட்டிக்கொள்வோம். வைத்தியம் செய்யும் மருத்துவமனைக்குக் கடன் நிற்காமல் பார்ப்பதும் இதில் சேர்த்தி, அந்த டாக்டர் சகோதரர் நிம்மதியாக இருக்கட்டும்.

இதுவரை பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். என் பெயர் முதலில் இருக்கிறது, அது மரியாதைக்காக அல்ல. ஆட்டோக்காரரிடமும் போய்க் கேட்டேன். "போடுங்க பாய், தாராளமா போடுங்க. ஆனா ஆடிக்கிருத்திகை நாள்ல மட்டும் கூப்பிடாதீங்க, அன்னைக்கு மலைக்கு சவாரி ஜாஸ்தி" என்றார். அந்த நாட்களுக்கு வேறு இரண்டு பேர் வேண்டும். தொழுகை முடிந்ததும் பெயர் கொடுங்கள்.